சதவீதச் சாமியார்

நகர மன்றத்தில் அன்று நிற்க இடமில்லை. சுவரில் பெரிய திரை, திரையில் கருத்துக்கணிப்பு முடிவைக் காட்டும் ஒரு வட்டம். அதைப் பார்த்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

"தொண்ணூத்தி நாலு சதவீதம் பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க! மக்கள் வாக்கு பொய்க்காது!" என்று முழங்கினார் செய்தித்தள ஆசிரியர். ஊரில் அவருக்குச் சதவீதச் சாமியார் என்று பெயர். தளத்தில் தினம் ஒரு கேள்வி, மாலையில் ஒரு வட்டம். அதைப் பார்க்காமல் மன்றத் தலைவர் தும்முவதுகூட இல்லை.

இந்த முறை வட்டம் காவு கேட்டது ஏழாம் எண் பேருந்தை.

கடைசி வரிசையில் இருந்தார் நடத்துநர் அக்கா. பதினோரு வருடம் அந்தப் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி கிடையாது. அவருடைய தங்கையே வாரம் மூன்று நாள் அதில்தான் சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகிறாள்.

அக்கா எழுந்தார். "சார், என்ன கேட்டீங்கன்னு கொஞ்சம் படிங்களேன்."

சாமியார் படித்தார்: "காலியாக ஓடும் ஏழாம் எண் பேருந்துக்காக உங்கள் வரிப்பணத்தை இன்னும் வீணாக்க வேண்டுமா?"

"அடேங்கப்பா! இப்படிக் கேட்டா நானே வேண்டாம்னுதான் அமுக்குவேன். காலியா? நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வாங்க, உள்ள இடமில்லாம ஒத்தக் கால்ல நின்னு பாருங்க. இப்ப நான் சொல்றதப் போடுங்க. அதே ஜனம்தானே? வாக்குதான் பொய்க்காதே?"

மறுத்தால் மகிமை போய்விடும். சாமியார் வேர்த்துக்கொண்டே தட்டினார்: 'நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஒரே பேருந்தை நிறுத்த வேண்டுமா?'

"கீழயே இன்னொண்ணு. இந்த பஸ்ல ஒரு தடவையாவது ஏறியிருக்கீங்களா?"

அரை மணி நேரத்தில் திரையில் விடை வந்தது. நிறுத்த வேண்டாம் என்றவர்கள் தொண்ணூற்றொரு சதவீதம். ஒரு தடவையாவது ஏறியவர்கள் மூன்று சதவீதம்.



"ரெண்டுக்கும் வேண்டாம்னு சொன்னது ஒரே ஆளுங்கதான்," என்றார் அக்கா. "பஸ்ல போறவங்க கம்பியப் பிடிச்சிட்டு நிக்கறாங்க சார். உங்க வட்டத்த அமுக்க அவங்களுக்குக் கை ஏது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். பேருந்து ஓடும் என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டார்.

சாமியார் சும்மா இருப்பாரா? திரையைச் சுருட்டுவதற்குள் அடுத்த கேள்வியை விட்டார்: 'எங்கள் கருத்துக்கணிப்பை நம்புகிறீர்களா? ஆம் / மிகவும் ஆம்.' கூட்டத்தில் பாதிப் பேர் வாசலைத் தாண்டும் முன்பே கைபேசியை எடுத்து அமுக்கினார்கள்.

கட்டைவிரலுக்கு இவ்வளவு வேலை கொடுக்கிறீர்களே ஐயா, தலைக்கும் கொஞ்சம் கொடுங்கள். பாவம், அது சும்மாவே கிடக்கிறது.