இந்த வார நாவல்: ஆனைக்கொம்பன்

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். அதற்கு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெள்ளிதோறும் மாலை ஐந்து மணிக்குள், வார இறுதியில் வாசிக்கத்தக்க நூல் ஒன்றைப் புத்தகப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்புடன் பரிந்துரைக்க வேண்டும். திங்களுக்குள் ஐம்பது வாசகர் கருத்துகளைத் திரட்டி அனுப்ப வேண்டும். தவறும் நூலகம் பக்கத்து ஊர் நூலகத்தோடு 'இனிதே இணைக்கப்படும்'.

நூலகர் அனுராதா சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். இணைத்தால் அவருக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வரும். அதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை தவறாமல் வயலிலிருந்து நேரே வந்து புத்தகம் எடுக்கும் ஒரே வாசகர் பஞ்சநதம். அவர் எங்கே போவார்?

மூன்றாவது வெள்ளிக்கிழமை நெட் வந்தபோது மணி நாலு ஐம்பத்தாறு. அவசரத்தில் அனுராதா, "இந்த வார நாவல். மனத்தை உலுக்கும்" என்று எழுதி, வீட்டுக்காரர் அச்செடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்த இணைப்பை ஒட்டிவிட்டார். நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயை ஒழிக்கும் கையேடு அது.

ஐந்து அடிப்பதற்குள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வெங்கடகிருஷ்ணன், "ஒரே மூச்சில் முடித்தேன்" என்று எழுதினார். பெங்களூரிலிருந்து ப்ரியம்வதா, "கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டேன்" என்றார். மொத்தம் அறுபத்திரண்டு கருத்துகள்.

மறுநாள் பஞ்சநதம் வந்தார்.

"மேடம், நாவல் பூரா பூச்சியாவே இருக்கு."

அனுராதா போனைப் பார்த்தார். "ஐயையோ, தப்பா போட்டுட்டேன் ஐயா!"

"அதனால என்ன? நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் பாகம் இருக்கா?"

திங்களன்று அனுராதா மனசாட்சியோடு அதிகாரி இளம்பரிதிக்குப் போன் செய்தார்.

"சார், அது நாவலே இல்லை. பூச்சிக் கையேடு."

"அறுபத்திரண்டு பேர் பாராட்டியிருக்காங்களே?"

"யாரும் திறந்தே பார்க்கலை சார்."

"அப்படின்னா அறுபத்திரண்டு பேர்கிட்டயும் விளக்கம் கேக்கணும். அதுல நானும் ஒருத்தன். பேசாம நாவல்னே பதிவு பண்ணிடுங்க. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பஞ்சநதம்னு ஒருத்தர் படிச்சுட்டுச் சொன்னார்."

"அவர் எதுக்குப் படிச்சார்? திட்டம் பரிந்துரையோட முடியுதே. வாசிக்கச் சொல்லி எந்த உத்தரவும் வரலையே!"

கையேடு நாவல் வரிசையில் ஏறியது. மேலிடம் உளம் மகிழ்ந்து, திறனாய்வுக் கூட்டம் நடத்த ஆணையிட்டது. படித்தவர் ஒருவர்தான் என்பதால் பஞ்சநதமே மேடையேறினார். ஈ எப்போது முட்டையிடும், குருத்து ஏன் வெங்காயத்தாள் போல நீளும், விளக்குப்பொறியை எங்கே வைக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார்.

வெங்கடகிருஷ்ணன் எழுந்தார். "முடிவை ஆசிரியர் திறந்தே விட்டுவிட்டார். ஆனைக்கொம்பன் சாகிறானா, இல்லையா?"

"அது மழையைப் பொறுத்ததுங்க சார்."

"ஆஹா, குறியீடு!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பஞ்சநதத்துக்குப் பொன்னாடை போர்த்தி, 'சிறந்த வாசகர்' பட்டம் கொடுத்தார்கள். குழுவின் நிர்வாகியும் ஆக்கினார்கள். நூலகம் தப்பியது.

அடுத்த சனிக்கிழமை அனுராதா அவருக்காகவே ஒரு புது நாவலை எடுத்துவைத்துக் காத்திருந்தார். ஒரு மணி வரை ஆளைக் காணோம். உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து போன் செய்தார்.

"ஐயா, நேத்துப் பரிந்துரைச்ச புத்தகம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். வரலையா?"

"எதுக்கு மேடம்? நேத்து சாயங்காலமே 'அற்புதம்'னு போட்டுட்டேனே!"