ஒரு கால் போதும்

பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர். சங்கிலிமுத்து கூடத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில், இரு கால்களையும் டப்பில் விட்டபடி. அவர் மனைவி வள்ளித்தாய் டப்புக்குப் பக்கத்தில், தரையில். அடுத்த வீட்டு அய்யம்மாள் வாசற்படியில், பாதி தேய்த்த பல்லோடு. பின்பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்த பாண்டிராஜ் கதவோரத்து ஸ்டூலில். ஏ.டி.எம். காவலுக்குக் கிளம்பியவர், ஷூவை வெளியே விட்டுச் சாக்ஸோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

டப்பில் உப்புத்தண்ணீர். அதற்குள் ஒரு கம்பிச் சுருள். அதன் வயர் சுவர் பிளக்கில். உடம்பில் சேர்ந்த விஷத்தை உள்ளங்கால் வழியாக இழுத்துவிடும் என்று ஆன்லைனில் வரவழைத்த மிஷின். மேலே துண்டு போட்டு மூடவேண்டும் என்பது வீடியோவில் சொன்ன முறை.

சங்கிலிமுத்து துண்டை விலக்கினார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"பாத்தியா? நாரணாபுரத்துல மத்தாப்பு மருந்து கலந்த உடம்பு. அம்புட்டும் இறங்குது."

"நான் கம்பெனிப் பக்கமே போனதில்ல. எனக்குத் தெளிவா வரும், பாருங்க" என்று வள்ளித்தாய் தண்ணீரை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் செம்மண்.

"நீ வடிச்ச சோத்தையாடி இத்தன நாளு வாங்கித் தின்னேன்" என்றாள் அய்யம்மாள்.

வள்ளித்தாய் விடவில்லை. மஞ்சளும் சீயக்காயும் போட்டுக் காலைத் தேய்த்தாள். புதுத் தண்ணீர் ஊற்றி, சுத்தத்துக்கு இருக்கட்டும் என்று உப்பைக் கூடுதலாக அள்ளிப் போட்டாள். இந்தமுறை காபி நிறம். நுரை வேறு.

"இப்ப நீ வையி, பாப்போம்" என்று அய்யம்மாளை இழுத்து உட்காரவைத்தாள். அய்யம்மாளுக்குப் புளிக்குழம்பு நிறத்தில் வந்தது.

"அது உன் அழுக்குல மிச்சம்" என்றாள் அய்யம்மாள்.

சங்கிலிமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வள்ளித்தாயை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"கம்பெனிக்குப் போகாதவுகளுக்கே இப்படி. அப்ப சிவகாசி, விஸ்வநத்தம், சாத்தூருன்னு எத்தன காலு இருக்கு? வேலைய விட்டுட்டு, கூடத்துல மிஷினப் போட்டு, காலுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு உக்காந்துரலாம்."

"தீவாளி ஆர்டர் நேரங்க. சீசன்ல விட்டுட்டுப் போனவுகள மொதலாளி திரும்ப கேட்டுக்குள்ள ஏத்தமாட்டாரு. போர்மேன் வேலை, நெனச்சா கிடைக்குமா?"

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. கடைசியாக ஒருவரைச் சோதித்துவிடலாம் என்று கூடத்துக்கு வந்து, டப்பில் தண்ணீரும் உப்பும் புதிதாக மாற்றினார். பாண்டிராஜ் முன்பு அச்சங்குளத்தில் பட்டாசு வேலை பார்த்தவர். அதை விட்டுப் பல வருடம்.

"தம்பி, வேலைய விட்டவுகளுக்கு எப்படி வருதுன்னு பாக்கணும். வாங்க."

"டூட்டிக்கு நேரமாச்சு அண்ணாச்சி."

"ஒரு கால் போதும்."

பாண்டிராஜ் டப்பைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். பிறகு ஒரு காலைச் சாக்ஸோடேயே துண்டுக்கடியில் விட்டார்.

"சுருசுருன்னு இருக்கா?"

"ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி."

"தெரியாது. நரம்பு வரைக்கும் ஊறிப்போயிருக்கு."

துண்டை விலக்கினால், தார்.

"சாக்ஸையும் மீறிக்கிட்டுல்ல வருது" என்று அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கிலிமுத்து அப்போதே பேப்பரை எடுத்தார். 'என் உடல்நலனையும் பொதுமக்கள் நலனையும் முன்னிட்டு, இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று நிறுத்தி எழுதினார். கவரில் போட்டு, பட்டாசுக் குழாய் ஒட்டும் மைதாப் பசையைத் தடவி அழுத்தினார். வள்ளித்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். தெருவில் வேன் ஹாரன் கேட்டது. சங்கிலிமுத்து ஓடிப்போய் டிரைவர் முனியராஜிடம் கவரைக் கொடுத்து, "மொதலாளி கையிலயே குடுத்துரு" என்றார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த பாண்டிராஜ் நிமிர்ந்தார். "நீங்க ஏறலையா அண்ணாச்சி?"

"வேலைய விட்டாச்சு தம்பி. உங்க கால் தண்ணியப் பாத்த பொறவுதான் எனக்குத் துணிச்சலே வந்துச்சு."

பாண்டிராஜ் ஈரமான பேன்ட் காலை மெல்லத் தூக்கி, விரலை மடக்கித் தட்டினார். டொக்டொக்கென்று கேட்டது.

"இது பிளாஸ்டிக் காலுல்லா அண்ணாச்சி. உப்புத்தண்ணியில கரண்டு ஓடுதுங்கீக, எனக்கு மிச்சம் இருக்கது ஒத்தக் காலு. அதையா கொண்டுபோயி உள்ள விடுவேன்?"