ஃபென்யா புல்தரை

உலகத்தில் பெண்கள் கால்பந்தைத் தாங்கி நிற்கும் தூண்களை யாராவது எண்ணப் புகுந்தால், எங்கள் ஓபர்லீன்பாக் விளையாட்டுக் கழகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளாகக் கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டை எழுதிவருபவன் என்ற முறையில் இதைப் பணிவோடு சொல்கிறேன்.

எங்கள் 'பெண்கள் கால்பந்து மேம்பாட்டுக் குழு'வில் ஒன்பது உறுப்பினர்கள். நான் உட்பட ஒன்பது பேரும் ஆண்கள். பெண்களுக்கு வீண் சிரமம் தரக் கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். அவர்களை அடியோடு ஒதுக்கிவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. விழாவுக்குப் பதினான்கு கேக் சுடும் பொறுப்பை முழுக்க முழுக்க அவர்களிடமே ஒப்படைத்தோம்.

விழா ஃபென்யா ஹோல்ட்காம்புக்கு. எங்கள் ஊரில் பந்து உதைக்கப் பழகி, ஜெர்மன் தேசிய அணிக்காக அறுபத்தொரு முறை ஆடியவர். கழகத்தின் புல் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு இரண்டு மைதானங்கள். புல் ஆண்களுடையது. இன்னொன்று சிவப்புச் சரளை. விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. அது பெண் பிள்ளைகளுடையது.

இந்த நேரம் பார்த்து ஒரு விண்ணப்பம் வந்து குட்டையைக் குழப்பியது. பதின்மூன்று வயதுப் பெண்கள் அணிக்கு விழா நாளன்று மதியம் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு. ஆனால் அந்த ஆட்டத்தைப் புல்லில்தான் ஆட வேண்டும் என்பது விதி. கழகம் புல் தராவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். எழுபது நிமிடம் தந்தால் போதும் என்று அணித்தலைவி மீக்கே கேட்டிருந்தாள். மீக்கே என் மகள். அந்த உறவு என் நடுநிலையைக் கெடுக்கவில்லை என்பதற்குக் குறிப்பேடே சாட்சி.

மைதானக் காப்பாளர் ஈகோனிடம் கருத்துக் கேட்டோம். அவர் புல்லில் ஆள்காட்டி விரலை ஊன்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அந்த விரலுக்கு மேல் ஜெர்மனியில் அப்பீல் கிடையாது.

"முடியாதுங்க. நாலு மணிக்கு விழா. ரெண்டு மணிக்கே பொண்ணுங்க மிதிச்சுட்டா, பெண்கள் கால்பந்துக்குன்னு வச்சிருக்கிற புல்லு கெட்டுப் போயிரும்."

வியாழன்தோறும் ஈகோனும் சேர்ந்து ஆடும் மூத்தோர் அணி அதே புல்லில்தானே ஆடுகிறது என்று யாரோ விவரமில்லாமல் கேட்டுவிட்டார்.

"நாங்க எங்கங்க ஓடுறோம்? நிக்கிறோம். புல்லுக்கு வலிக்காது."

தலைவர் க்ராம்மே இன்னும் ஆழமாகச் சிந்தித்தார். ஃபென்யாவை ஆளாக்கியதே அந்தச் சரளைதான் என்றார். இன்றைய பிள்ளைகளுக்குப் புல்லைக் கொடுத்து நாளைய வீராங்கனைகளை அழித்த பழி நமக்கு வேண்டுமா என்று அவர் கேட்டபோது சிலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். விண்ணப்பம் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

விழா நாளில் புல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, பலகையைத் திறந்து வைத்தோம். 'ஃபென்யா ஹோல்ட்காம்ப் புல்தரை. மிதிக்காதீர்.' கயிற்றுக்கு வெளியே பதினோரு பெண்கள் ஆட்டச் சீருடையில் நின்றார்கள். தலைவரின் உரை முடிந்ததும் ஃபென்யா நேரே மீக்கேயிடம் போனார்.

"இன்னிக்கு ஆட்டம் என்னாச்சு?"

"தோத்துட்டோம்க்கா. ரெண்டுக்கு பூஜ்யம்."

"ரெண்டு கோலும் எப்படி விழுந்துச்சு?"

"விழலை. நாங்க ஆடவே இல்லை. உங்களுக்கு விழா எடுக்கிறாங்கல்ல, அதான்."

ஃபென்யா கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "வாங்கடி" என்றார். பதினோரு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். தலைவரின் வாய்க்குப் போன கேக் பாதி வழியில் நின்றது. ஈகோன் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். மூத்தோர் அணியில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, பலகைல எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் மாமா. என் பேருதான் போட்டிருக்கு."

எழுபது நிமிடம் ஆடினார்கள். மீக்கே ஒருமுறை குப்புற விழுந்தாள். எழுந்து முழங்காலைப் பார்த்தாள், தோல் இருந்தது. நம்பாமல் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. குறிப்பேட்டில் அதற்கு இடமில்லாததால் எழுதவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டத்தில் ஃபென்யாவின் 'அத்துமீறல்' கண்டிக்கப்பட்டு, பலகையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 'மிதிக்காதீர்' மட்டும் இருக்கிறது. அதே வாரம் பெண்கள் பதினோரு பேரும் பக்கத்து ஊர்க் கழகத்தில் சேர்ந்துவிட்டார்கள். மேம்பாட்டுக் குழு மட்டும் தவறாமல் கூடுகிறது. புல் நலமாக இருக்கிறது.

நேற்று மீக்கே என் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, 'ஒருமனதாக'ன்னு எழுதியிருக்கீங்களே, அது உங்களையும் சேர்த்துத்தானே?"

இருபத்தேழு ஆண்டுகளில் அந்தக் குறிப்பேட்டை ஒழுங்காகப் படித்த முதல் ஆள் அவள்தான்.