ரோசிக்குக் கண்ட அம்மை

"செவுள் முன்னால மடங்குனா தண்ணி சரியில்ல. வால் நுனி கொக்கி மாதிரி வளைஞ்சா ரோசி பயந்துகீது. பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டுனா பூஞ்சை. உடனே போன் பண்ணவும்."

ஆவடி சேக்காட்டில், ஒரு கண்ணாடித் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் இது. அடியில் நாளும் மாதமும் இருந்தன, வருடம் இல்லை. பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறவன் நான்; தேதி விஷயத்தில் கறார். கேட்டேன். "வருசம் ரோசிக்குத் தெரியும் சார்" என்றார் எழுதியவர்.

தன் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாமல், இன்னொரு உயிரின் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அவரை ஏழரை என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் இரண்டரை விரலை வாங்கிக்கொண்டது. மிச்சம் ஏழரை.

ரோசி ஓர் ஆக்சலாட்டல். மெக்சிகோ ஏரிப் பிராணி. பல்லி போல நாலு கால், கழுத்தோரம் இறகு இறகாய்ச் செவுள், ரோஜா நிறம். கடையில் வாங்கும்போது முன்னங்கால் ஒன்று பாதிதான் இருந்தது, கூட இருந்த இன்னொரு ஆக்சலாட்டல் கடித்திருந்தது. சில மாதங்களில் அது விரலோடு முளைத்தது. அன்று முதல் தினமும் காலையில் தன் மொட்டைக் கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவார். "உனுக்கு வந்துச்சி. எனுக்கு மட்டும் இன்னா கேடு?"

ஆவடி வெயிலில் அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஃபிரிட்ஜ் முழுக்க ஐஸ் பாட்டில்கள். அவருடைய மோருக்கு இடமில்லை. "பல்லிக்கு ஐஸ் வாட்டரு, உனுக்கு வென்னீரா அண்ணாத்தே?" என்பாள் அடுத்த போர்ஷன் கன்னியம்மா. சாயங்காலம் வாசலில் மீன் வறுத்து விற்பவள். "அது பல்லி இல்ல." "மீனா? அப்ப குடு, மசாலா தடவுறேன்." இந்தச் சண்டை இல்லாமல் அந்தக் காம்பவுண்டில் பொழுது சாய்ந்ததில்லை.

மனிதர்களையும் ஏழரை ரோசி கணக்கில்தான் பார்ப்பார். டீ மாஸ்டர் சிரித்தால், "சிரிப்ப நம்பாத நைனா. ரோசிக்கும் பொறவியிலேயே சிரிச்ச வாய். சாவும்போதும் சிரிச்சுகினுதான் கீதும். செவுளத்தான் பாக்கணும்" என்று மாஸ்டரின் காதோரத்தை உற்றுப் பார்ப்பார். ஒருநாள் மாஸ்டர் பயந்து, கடையை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடினார். அசிடிட்டி.

போன கோடையில் அவருடைய அக்கா திண்டிவனம் பக்கம் காலமானார். காரியம் முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். சாவி கன்னியம்மாவிடம் போனது. "தெனம் ஐஸ் பாட்டில் போடு. கொஞ்சம் தண்ணிய எடுத்துட்டுப் புதுசு ஊத்து. தாள்ல எழுதிகீறேன்."

அவர் திரும்பிய காலை, துக்கம் கேட்க நானும் போயிருந்தேன். கதவு நிலையில் வேப்பிலை. தொட்டியைச் சுற்றியும் வேப்பிலை. உள்ளே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ரோசி மல்லாந்து, வாய் சிரித்தபடி மிதந்தது. செவுளெல்லாம் வெள்ளை.

கன்னியம்மா சுவரோரம் நின்றாள். "அம்மை கண்டுருச்சி அண்ணாத்தே. பஞ்சுன்னு எழுதிகீற, இது முத்து முத்தால்ல இருந்துச்சி."

"தண்ணி மாத்துனியா?"

"அம்மை கண்ட ஒடம்புக்கு எப்டி அண்ணாத்தே தண்ணி ஊத்துறது? எறங்குனப்புறம் மூணு தண்ணி ஊத்தலாம்னு இருந்தேன். எண்ணெச் சட்டியே வெக்கல. யாவாரத்த நிறுத்திட்டேன். சாவு ஊட்ல கீற ஆளுக்கு போன் பண்ணி இத்த எப்டிச் சொல்றது?" சொல்லும்போதே உடைந்துவிட்டாள். "நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா?"

ஏழரை குனிந்து செவுளைப் பார்த்தார். தொட்டியின் மேலிருந்த தாளை மெதுவாக உரித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மைதான் கன்னியம்மா. நீ சரியாத்தான் பாத்துகீற. ஆத்தா வந்தா யாரு இன்னா பண்ண முடியும்? போ, சட்டிய வை."

அன்று சாயங்காலம் அவள் மீன் வறுத்தாள். முதல் துண்டை இலையில் வைத்து அவரிடம் நீட்டினாள். இருவரும் சண்டை போடவில்லை.

ஆக்சலாட்டலுக்கு அம்மை காணுமா என்று கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டேன், எதிலும் இல்லை. ஆனாலும் என் குறிப்பில் தவறு என்று எழுத மனம் வரவில்லை. 'ஏழரை சொன்னது; இன்னும் சரிபார்க்கப்படவில்லை' என்றே விட்டிருக்கிறேன்.