குக்கர் டாக்டர் கொடுத்த காபி

திருவண்ணாமலையில் குக்கர் டாக்டரின் அன்புக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ரிப்போர்ட்டோடு வந்து அவர் திட்டினால் பிழைத்தோம். “வாப்பா, காபி சாப்பிடு” என்றால் கதை முடிந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டிலேயே லேப் வைத்திருந்தார். ஆபரேஷனில் எடுத்த கட்டி புற்றுநோயா, எந்த வகை என்று பார்க்க, அதை ஊதினால் பறக்கும்படி சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, பிரஷர் குக்கரில் வேகவைப்பார். “உப்பு போடுவீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அக்காவின் சினைப்பைக் கட்டி அவரிடம் வந்தது. ஒரு வகையென்றால் மருந்துக்கு அடங்கும். இன்னொரு வகையென்றால்... சர்ஜன் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

“செல்லோட மூஞ்சைப் பாத்து ஏமாறலாம்யா. அது என்ன புரதம் செய்யுதுன்னு பாத்தா எந்த வம்சம், எவ்ளோ வளந்திருக்கு, எல்லாம் தெரிஞ்சிடும். நான் தேடுற புரதம் இருந்தா பழுப்பாவும். பழுப்பானா உங்க அக்காவுக்கு நல்லது” என்றார் டாக்டர்.

அன்று பௌர்ணமி. குக்கர் விசில் அடித்ததும் கிரிவலக் கூட்டம் அன்னதானம் என்று நினைத்துவிட்டது. அவர் கண்ணாடிகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார்கள். திறந்தால், கையில் தொன்னையோடு நீள வரிசை.

“பொங்கலாங்க, சாம்பார் சாதமாங்க?”

“யோவ், இது சாப்பாடு இல்ல, சினைப்பை!”

“எதுவா இருந்தாலும் பரவால்லைங்க சாமி, கொஞ்சமா குடுங்க.”

கத்திக் கத்தி அவர்களைக் கலைத்துவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து இரண்டு டம்ளரோடு வந்தார். “உக்காருங்க. காபி சாப்பிடுங்க” என்றார். அக்கா என் கையைப் பிடித்தாள், சில்லென்றிருந்தது.

“எனக்கு இன்னும் எவ்ளோ நாளு சார்?” என்று கேட்டாள்.

“ஐயோ, அதில்லம்மா! நான் வெளிய கத்திட்டிருந்த நேரத்துல கண்ணாடியெல்லாம் காஞ்சுபோச்சு. பழுப்பாகக் கூடாததுகூட பழுப்பாயிடுச்சு. இதை நம்ப முடியாது. தப்பு என்னுது. நாளைக்கு மறுபடி பண்றேன்.”

வாங்கிய காபியை நாங்கள் தொடவில்லை.

மறுநாள் லேப் கதவு படாரென்று திறந்தது.

“ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? கட்டி அவ்ளோ பெருசாகிற வரைக்கும் டாக்டரைப் பாக்காம என்ன பண்ணிட்டிருந்தே? சர்ஜன்கிட்ட ஓடு. மருந்துக்குக் கேக்கும். நிக்காதே, போ!”

அக்கா அழுதுகொண்டே அவர் காலில் விழப் போனாள். அதற்கும் திட்டினார். அவ்வளவு இனிமையான வசவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

சில வருஷம் கழித்து, செங்கம் ரோட்டில் அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்து, சட்டை உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. என் தோளில் கைபோட்டு, “அக்கா நல்லா இருக்காளா? வாப்பா, காபி சாப்பிடலாம்” என்றார், மெதுவாக.

“வேணாம் சார். ஒரு வாட்டி திட்டிடுங்க சார்” என்றேன்.

சிரித்தார். திட்டவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த காபியை ஆறவிட்டு, சொட்டுச் சொட்டாகக் குடித்தேன், அது தீர்ந்துவிடக் கூடாது என்று.