பொட்டு வைத்த தலைக்கவசம்

கோயம்புத்தூர் ஜில்லாவில் ஓடிய அத்தனை பஸ்களின் அந்தரங்கமும் தெரிந்த ஒரே மனிதர் தோலுரிச்சார்தான். போலீஸுக்குத் தெரியாது, வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிக்குத் தெரியாது, பஸ் முதலாளிக்கே தெரியாது. எந்த வண்டி முன்பு என்ன நிறத்தில் யார் பெயரைச் சுமந்துகொண்டு ஓடியது, எந்தப் புளியமரத்தில் மோதி எந்தப் பக்கம் நசுங்கியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை மனதோடு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் அவரிடம் கிடையாது.

ஐம்பதுகளின் கடைசியில் அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். பழைய பஸ்ஸுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டுமானால் பழையதை முதலில் எடுத்தாக வேண்டும். மற்ற பட்டறைகளில் சுரண்டியும் உப்புத்தாளுமாக நாலைந்து பேர் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். எங்களிடம் கம்ப்ரெஸர் இருந்தது. நொய்யல் மணலைச் சலித்து, தகரத்தில் பரப்பிக் காயவைத்து, காற்றோடு கலந்து குழாய் வழியாக வண்டிமேல் பீய்ச்சி அடித்தால் பெயின்ட், துரு எல்லாம் பறந்துபோய் வெறும் தகரம் வெளுத்து நிற்கும். அந்தக் குழாயைப் பிடித்தவர்தான் நம் ஆள். நேராகப் பிடித்தால் தகரம் அப்பளமாகச் சுருண்டுவிடும் என்று சாய்த்துப் பிடிப்பார். மனிதர்களிடம் மட்டும் நேராகத்தான் அடிப்பார்.

தோலுரிச்சான் என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் பெயின்ட் அடிக்கிறவர்கள். ஆனால் இது கொங்கு நாடு. பட்டப்பெயரைக்கூட மரியாதை குறைத்துச் சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வராது. "ஏனுங்க தோலுரிச்சாரே, சாப்பிட்டாச்சுங்களா?" என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மத்தியானம் மணல் ஷெட்டிலிருந்து வெளியே வந்தாரென்றால் தலை முதல் கால் வரை வெள்ளை. சிவந்த கண்ணும் வாயும் மட்டும்தான் மனிதர் மாதிரி தெரியும். நாய்கள் குரைக்கும். புதிதாக வந்த டிரைவர்கள் சாமி பேரைச் சொல்வார்கள். சாப்பிட உட்காரும்போது காற்று போகிற பக்கமாகத் தள்ளிப் போய் உட்காருவார்.

"பக்கத்துல வாங்க" என்று நான் கூப்பிட்டால், "வேண்டாங் கண்ணு. உன்ர சோத்துல கல்லுக் கெடக்கும். நீ ஊட்டுக்குப் போயி பொண்டாட்டியத் திட்டுவே. எனக்கெதுக்கு அந்தப் பாவம்?" என்பார்.

ஒருமுறை கோபிசெட்டிபாளையத்து பஸ்காரர் ஒருவர் பச்சை நிற வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சூலூர்ப் பக்கத்தில் யாரிடமோ வாங்கினாராம். வாய் ஓயாமல் அதன் பெருமையைப் பேசினார்.

"முன்ன ஒரு வண்டி வெச்சிருந்தனுங்க, சனியன்! ஒரு ஏத்தத்துல ஏறாது. அதைத் தள்ளி உட்டுப்போட்டுத்தான் இந்த ராசாத்திய வாங்கியிருக்கறேனுங்க."

தோலுரிச்சார் குழாயை எடுத்தார். பச்சை போயிற்று. அதற்கடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளும் போனபோது சிவப்பில் எழுத்துகள் தெரிந்தன. கம்ப்ரெஸரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சித்தெ வந்து பாருங்க. உங்க அம்மா பேரும் உங்கூரு பேரும் எழுதியிருக்குதுங்க. அந்தச் சனியன்தானுங்க இது. ஊட்டுக்குத் திரும்பி வந்திருக்குது. கோவிச்சுக்காமக் கூட்டிட்டுப் போங்க."

கோபிக்காரர் தன் பஸ்ஸைத் தானே திரும்ப வாங்கியிருந்தார். கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். எங்கள் முதலாளிக்கு முகம் சிறுத்துவிட்டது.

"தோலுரிச்சாரே, வண்டிய உரிச்சாப் போதுமுங்க. வந்தவங்கள உரிக்க வேண்டாமுங்க."

"ரெண்டுக்கும் ஒரே கொழாய்தானுங்களே முதலாளி!"

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி கொடுப்பார், வேலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் உட்காருவார், யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பக்தி மட்டும் கொஞ்சம் அதிகம்.

தோலுரிச்சார் வேலை செய்தது மூக்கைச் சுற்றி ஈரத்துண்டும், தலைக்கு ஒரு சாக்கும் கட்டிக்கொண்டு. அந்தச் சமயத்தில் சீமையிலிருந்து புது கம்ப்ரெஸர் வந்தது. அதோடு மரப்பெட்டிக்குள் ஒரு தலைக்கவசமும் இருந்தது. முன்னால் கண்ணாடி, தோள்வரை தொங்கும் தோல், பின்னால் சுத்தமான காற்று வருவதற்கு ஒரு ரப்பர் குழாய். மணல் அடிக்கிறவன் நெஞ்சுக்குள் தூசி போகாமலிருக்க வெள்ளைக்காரன் செய்தது. தோலுரிச்சாருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எந்தக் கோயில்லீங்க?" என்று கேட்டேன்.

"கோயிலு இல்லீங் கண்ணு. தொப்பி தலையில சரியா உக்காரோணுமில்ல?"

நல்ல நேரம் பார்த்துப் பூஜை நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். முதலாளி தன் கையால் தலைக்கவசத்தின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோலுரிச்சார் இரண்டு கையையும் நீட்டினார். முதலாளி கொடுக்கவில்லை.

"பொட்டு வெச்ச பொருளுங்க. இதக் கொண்டுபோயி அந்த மண்ணுக்குள்ள போடறதுக்கு உங்களுக்கே மனசு வருதுங்களா? கண்ணாடில கீறல் உழுந்தா வேற கெடைக்காதுங்க."

ஆபீஸ் அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அலமாரிக்குள் அதை வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். மொட்டைத் தலையோடு தோலுரிச்சார் மணல் ஷெட்டுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றாகிவிட்டது. வாரம் தவறாமல் போய்க் கேட்பார்.

"முதலாளி, அந்தத் தொப்பிங்க…"

"பார்க்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் பார்க்கலாமுங்க என்றால் இல்லை என்று அர்த்தம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மேல் வற்புறுத்துவது மரியாதை இல்லை. நானும் அவருக்காக ஒரு தடவை கேட்டேன். எனக்கும் பார்க்கலாமுங்கதான். மரியாதையாலேயே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அந்தப் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் பட்டறையைப் பார்வையிட வந்தார். முதலாளி அலமாரியைத் திறந்து, தலைக்கவசத்தை எடுத்து, அவர் தலையில் மாட்டி, அதற்கு மேல் மாலையும் போட்டு போட்டோ எடுத்தார். "எங்க ஆளுக இதைப் போட்டுத்தானுங்க வேலை செய்யறாங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னார். பக்கத்தில் தோலுரிச்சார் ஈரத்துண்டும் சாக்குமாக நின்றார். பெரிய மனிதர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார்.

"தொப்பிக்குச் சொந்தக்காரனுங்க" என்றார் தோலுரிச்சார். தலைக்கவசத்துக்குள் அது கேட்டிருக்காது.

பிறகு அவர் கெஞ்சுவதை விட்டுவிட்டு, கடலை எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் பதித்து, தானே ஒரு தலைக்கவசம் செய்தார். கேலிக்காக அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். முதலாளி அதைப் பார்த்து உருகிப் போனார். "பாருங்க, இவருக்கு இருக்கற பக்தி உங்க யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று எங்களுக்குப் புத்தி சொன்னார். டின்னுக்குள் காற்று போக வழியில்லை. வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தோலுரிச்சார் குழாயோடு சாய்ந்துவிட்டார். வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம்.

கண்ணைத் திறந்ததும், "தொப்பி நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள மூச்சு உடறதுக்குத்தான் எடமில்லை" என்றார்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் அவரவர் கருவியைக் கும்பிட்டார்கள். அவர் அலமாரி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சாமி, உனக்கு என்ர மேல என்ன கோவம்? ஒரே ஒரு நாளைக்கு எறங்கி வந்து என்ர மூஞ்சில உக்காரு சாமி" என்று சத்தமாக வேண்டினார். பட்டறையே சிரித்தது. முதலாளியும் விழுந்து விழுந்து சிரித்தார். சாமி இறங்கி வரவில்லை. பொரியும் கடலையும் மட்டும் கூடுதலாகக் கிடைத்தன.

வேறு வேலைக்குப் போகலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். "வேற எவனாச்சும் இந்தக் கொழாயப் புடிக்கோணுமில்ல கண்ணு. அவனுக்கு மட்டும் தொப்பி குடுத்துருவாங்களா?" என்றார்.

சில வருஷங்களில் இருமல் வந்தது. அதற்குப் பின்னால் மூச்சு வாங்கல். எங்கள் இரண்டு பேருக்கும் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். சாயங்காலம் சைக்கிளில் சேர்ந்தே போவோம். முதலில் மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினார். போகப் போக, சமதரையிலும் மிதிக்க முடியவில்லை. நானும் இறங்கிவிடுவேன். நாலு எட்டு நடந்ததும் நின்று, போகிற பஸ்ஸைப் பார்ப்பார். "அங்க பாரு கண்ணு, மேல நீலம். உள்ளே மிலிட்டரிப் பச்சை. சண்டைக்குப் போயிட்டு வந்த வண்டி" என்பார். சொல்லி முடித்த பிறகும் மூச்சு அடங்குகிறவரை அந்த பஸ் போன திக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குச் செயின் கழன்றுவிடும், அல்லது செருப்பு அறுந்துவிடும். நானும் நிற்பேன்.

ஒருநாள் டாக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார். உள்ளே தூசி படிந்து இறுகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

"படத்துல உள்ளுக்குள்ள பூராவும் வெள்ளையா இருக்குதாமுங்க" என்று எங்களிடம் வந்து சொன்னார் தோலுரிச்சார். "என்னையும் எவனோ நல்லா உரிச்சுப்போட்டான்."

அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. கயிற்றுக் கட்டிலில், இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு அடைத்தது.

முதலாளிக்கு மனது கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தோலுரிச்சார் வீட்டுக்கு வந்தார். மடியில் பட்டுத்துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். அந்தத் தலைக்கவசம். புதுச் சந்தனம், புதுக் குங்குமம்.

"ரொம்ப ஆசைப்பட்டீங்க. இனி இது உங்களதுங்க. நல்லாகி வந்து, நீங்களே போட்டுட்டு வேலை செய்யோணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போயிருப்பேன். தோலுரிச்சார் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் தலைக்கவசத்தைத் தடவினார், கண்ணாடியில் முகம் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார். அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது.

"ஏனுங்க முதலாளி, காத்து வர்ற கொழாய் எங்கீங்க?"

"அதுங்களா? சும்மாதானுங்களே கெடந்துச்சு. எங்க ஊட்டுல ரோசாச் செடிக்குத் தண்ணி உடறதுக்கு அப்பவே எடுத்துக்கிட்டமுங்க. நல்ல ரப்பருங்க, இன்னும் ஒரு வெடிப்பு இல்லீங்க."

தோலுரிச்சார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இப்போது உரிக்கப் போகிறார், தகரம் தெரிகிற வரைக்கும் உரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். எத்தனை வருஷமாக நான் எதிர்பார்த்த நாள் அது.

"செடி நல்லாப் பூக்குதுங்களா?" என்று கேட்டார்.

"பிரமாதமாப் பூக்குதுங்க."

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த அமாவாசைக்கு முன்பே போய்விட்டார். முதலாளி தன் தோட்டத்து ரோஜாவிலேயே பெரிய மாலையாகக் கட்டி எடுத்துவந்து போட்டு, குலுங்கி அழுதார். அது வேஷமில்லை, உண்மையான அழுகை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தோலுரிச்சாரின் மனைவி திருப்பிக் கொடுத்துவிட்ட தலைக்கவசம் மறுபடி அலமாரிக்கே போயிற்று. மணல் ஷெட்டில் வேறொருவர் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தார்.

சாவு வீட்டில் எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது தோலுரிச்சாரின் மனைவி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஊட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தானுங்க. 'பட்டறையில ஒரு பையன் இருக்கறான். நான் மூச்சு வாங்கி நின்னா அவன் செருப்பும் அறுந்துபோகும். தெனமும் செருப்பு அறுக்கறான் பாரு என்ர தங்கம்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

நான் சைக்கிளை எடுத்தேன். அன்றைக்கும் அதில் ஏறவில்லை, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் போனேன்.