சீல் அண்ணாச்சியும் மாடிக் கதவும்

தூத்துக்குடியில் இதுவரை பிறந்தவர்களில் தன் செருப்புக்கே சீல் வைத்த ஒரே மனிதர் எங்கள் சீல் அண்ணாச்சிதான். அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பாதியில் நிறுத்திவிடுவேன். இன்றைக்கு எழுதி முடித்துவிடுகிறேன்.

துறைமுகத்துக்கு வெளியே, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் கிளியரிங் ஆபீஸ். நான் பில் போடுவேன். அண்ணாச்சி கன்டெய்னர்களுக்குச் சீல் போடுவார். சரக்கை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாளில் ஓர் எஃகுச் சீலை மாட்டி அழுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை வெட்டினால்தான் கதவு திறக்கும். வெட்டியவர் யார், என்ன காரணம், யார் சாட்சி என்று எழுதியாக வேண்டும். எல்லோரும் இந்த விதியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணாச்சி கூடவே கொண்டு போனார்.

அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் ஒரு பிளாஸ்டிக் சீல் தொங்கும். மதியம் நோட்டைத் திறந்து நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் வெட்டுவார். ஒருநாள் ஓர் இலக்கம் இடித்தது. காலையில் அவரே தப்பாக எழுதியிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று சாளை மீன் குழம்பு முழுவதையும் ஆபீஸ் பூனைக்கு வைத்துவிட்டு, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழம்பிலும் ஒன்றும் மிச்சமில்லை.

திருச்செந்தூர் கோயில் வாசலில் இரண்டு செருப்பையும் சேர்த்துச் சீல் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோதுதான் சீல் வெட்டும் கட்டர் ஊரில் இருப்பது நினைவுக்கு வந்தது. உச்சி வெயிலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறினார்.

அதன் பிறகு எஃகையே வெட்டும் சின்னக் கட்டர் ஒன்றை பைக் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டிக்கும் சீல் போட்டார்.

"கட்டர் உள்ள கெடக்கு, சீலு வெளிய தொங்குது. எப்படித் தெறப்பீய?" என்று டிரைவர்கள் சிரித்தார்கள்.

"ஆபீஸ்ல இன்னொரு கட்டர் இருக்குல்லா. உன் வேலையப் பாருலே."

சாயங்காலம் கிளம்பும்போது எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பார், "எல்லாம் மூடியாச்சா?" முதலாளியிடமும் கேட்பார்.

என் மகள் கனி கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்கினாள். பெரிய கம்பெனியிடம் இடம் வாங்கி, ஊர்க் கடைகளின் வெப்சைட்டுகளை அதில் வைத்துப் பராமரிக்கும் வேலை. முதலில் ஆறு பேர் கிடைத்தார்கள். ஒரு மக்ரூன் கடை, ஒரு டியூஷன் சென்டர், திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ், அப்படி. ஷேர்டு பிளான் வாங்குவதா, ரீசெல்லர் பிளான் வாங்குவதா என்று குழம்பினாள். ஷேர்டு என்றால் ஆறு பேருடைய வெப்சைட்டும் அவளுடைய ஒரே கணக்குக்குள் இருக்கும். ரீசெல்லர் என்றால் ஆறு பேருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பூட்டு. அவளுக்கு ரீசெல்லர்மேல்தான் ஆசை. "நீ சொல்லும்மா" என்றாள்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். ஆபீஸில் இதைச் சொன்னபோது அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"தங்கச்சி, ஒரே பொட்டிக்குள்ள ஆறு பேரு சரக்கா? ஒருத்தன் சரக்குல வில்லங்கம்னா ஆறு பேரு சரக்கையும் கேட்டுலயே நிறுத்திருவான். ஆளுக்கொரு சீலு போடச் சொல்லு."

தூக்குச் சட்டிக்குச் சீல் வைப்பவரின் பேச்சைக் கேட்டா தொழில் நடத்துவார்கள்? வீட்டுக்கு வந்து, "சின்னதா ஆரம்பி, ஷேர்டே போதும்" என்றேன். கனி அன்றைக்கே ஷேர்டு வாங்கினாள்.

நான்காவது மாதம் அது நடந்தது. லாட்ஜ் மேனேஜர் தன் பைக் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். எவனோ அந்த வழியாக நுழைந்து, லாட்ஜ் பெயரில் ஊரெல்லாம் மோசடி மெயில் அனுப்பிவிட்டான். கம்பெனிக்காரன் கனியின் கணக்கையே முடக்கினான். ஆறு வெப்சைட்டும் ஒரே நேரத்தில் நின்றன. லாட்ஜில் திருவிழாக் கூட்டத்துக்கு ரூம் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம்.

இரண்டு நாள் முழுக்க போன் அடித்தபடி இருந்தது. "பொட்டப்புள்ளைய நம்பிக் குடுத்தேம் பாரு, என்னச் சொல்லணும்" என்று ஒருவர் கத்தியது எனக்கே கேட்டது. கனி எல்லா அழைப்பையும் எடுத்துப் பேசினாள். சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் ஆபீஸ் போன பிறகு அவள் போன் அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவை மாடியில் பார்க்கச் சொன்னேன்.

"கிரில் கேட்ட உள்ளயிருந்து பூட்டியிருக்கா. கூப்பிட்டா சத்தமே இல்ல."

அவள் அப்பா கப்பல் வேலையில் கடலில் இருந்தார். நான் எழுந்து நின்றேன். அண்ணாச்சி அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். "ஏறு தங்கச்சி" என்று பைக்கை எடுத்தார்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கட்டர் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் சீல் தொங்கியது. இன்னொரு கட்டர் ஆபீஸில் இருந்தது.

சாலையோரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி அண்ணாச்சி பெட்டியை அடித்தார். நம்பரைப் பார்க்கவில்லை, நோட்டை எடுக்கவில்லை. தகரம் பிளந்தது. விரலில் ரத்தத்தோடு படியேறிப் போய், கிரில் பூட்டை ஒரே அழுத்தில் வெட்டினார். உள்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

கனி தரையில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மேஜையில் எனக்கு ஒரு கடிதம், பாதி எழுதியபடி. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். அவளை மடியில் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி உள்ளே வரவில்லை. மொட்டை மாடி வெயிலில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏளா கனி, வெட்டினது நாந்தான்னு எழுதிட்டேன். இந்தப் பூட்டுக்கு நம்பர் உண்டா?"

கனி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சரி, நம்பர் இல்ல. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அத நிரப்பாம நான் எந்திரிக்க முடியாது. வெயிலு வேற மண்டையப் பொளக்குது. என்ன போட?"

என் மடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா பயந்துட்டான்னு போடுங்க மாமா."

"ஒங்கம்மாதான் தெனமும் பயப்படுதாளே. புதுசா ஏதாச்சும் சொல்லு."

கனி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. அந்த மூன்று நாளில் அவள் சிரித்தோ அழுதோ நான் பார்த்திருக்கவில்லை. சாட்சிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

அன்றே டாக்டரிடம் போனோம். பல வாரம் போனோம். கொஞ்சம் தேறியதும் அவளும் நானும் ஆறு பேர் வாசலுக்கும் போய் நின்றோம். ஷேர்டு வாங்கச் சொன்னவள் நான் என்று நானே சொன்னேன். மூன்று பேர் முகத்துக்கு நேரே விலகிக்கொண்டார்கள். மூன்று பேர் இருக்கிறோம் என்றார்கள். மக்ரூன் கடைக்காரர் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்து, "மெலிஞ்சிட்டியே தாயி" என்றார். கனி ரீசெல்லர் பிளானுக்கு மாறினாள். அண்ணாச்சி வந்து ஸ்கிரீனைப் பார்த்து, "ஆளுக்கொரு சீலுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பின்னொரு நாள் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மாடிப் பூட்டு இருந்தது. பைக் பெட்டிச் சீலை உடைத்த கணக்கை மட்டும் எங்கும் காணோம்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் போன் வரும். நலம் விசாரிக்க மாட்டார். ஊரையே மூடியாச்சா மூடியாச்சா என்று கேட்டுத் தீர்த்த மனிதர், என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"தங்கச்சி, மாடிக் கதவு தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு அண்ணாச்சி."

"சரி, வைக்கேன்."